முந்நூற்று எண்பத்தாறாவது இடம்

மனத்தை அளக்க முடியும் என்று கண்டுபிடித்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. ஊசி வேண்டாம், தலையில் கம்பி மாட்ட வேண்டாம். தொலைபேசியில் இருபது விநாடி பேசினால் போதும். சொற்களுக்கு நடுவே விழும் இடைவெளி, குரல் எங்கே தழைகிறது, எங்கே தடுமாறுகிறது என்பதையெல்லாம் கேட்டு, பேசியவரின் மனம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை நூற்றுக்கு இத்தனை என்று சொல்லிவிடும் அந்த இயந்திரம். அதற்கு 'செவி' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமை காலையிலும், அரசு மனநல மையங்களில் பதிவு செய்திருந்த எல்லோரையும் செவி ஒரே நேரத்தில் அழைக்கும். "வணக்கம். இந்த வாரம் எப்படி இருக்கீங்க?" என்று கேட்கும். பேசுவார்கள். மாதக் கடைசியில் முந்நூற்று எண்பத்தாறு மையங்களும் தத்தம் சராசரிப்படி வரிசைப்படுத்தப்பட்டுப் பட்டியல் வெளியாகும். எங்கே மருத்துவர் இல்லை, எங்கே மாத்திரை போய்ச் சேரவில்லை என்பதெல்லாம் அந்தப் பட்டியலால்தான் வெளிச்சத்துக்கு வந்தது. மாநிலத்தின் சராசரி நாற்பத்தெட்டிலிருந்து எழுபத்தொன்றுக்கு ஏறியிருந்தது. வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஒன்பது மாதம் தொடர்ந்து கடைசி இடத்தில் இருக்கும் மையத்தை மூடி, பக்கத்து மையத்தோடு சேர்த்துவிடுவது என்பது விதி. உவர்க்குடி மையம் ஒன்பது மாதமாக முந்நூற்று எண்பத்தாறாவது இடத்தில் இருந்தது. எண், முப்பத்தொன்று.

மூடுவதற்கு முன் நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும். சென்னையில் இந்தப் பட்டியலைத் தயாரிக்கும் ஒப்பீட்டுப் பிரிவில் வேலை பார்த்த ஜெரினாவை அனுப்பினார்கள். அவளுக்கு முப்பத்துநான்கு வயது. செவியின் கணக்குகளை அவளைப்போல் அறிந்தவர்கள் அந்த அலுவலகத்தில் இரண்டு மூன்று பேர்கூட இல்லை.

உவர்க்குடி கடலோரத்து உப்பள ஊர். கண்ணுக்கெட்டிய தூரம்வரை பாத்தி பாத்தியாக நீர் தேங்கி, அதில் வானம் துண்டு துண்டாகக் கிடந்தது. மையம் ஒரு பழைய பள்ளிக் கட்டடத்தில் இயங்கியது. பொறுப்பு மருத்துவர் அமலோற்பவம், ஐம்பது தாண்டியவர், ஜெரினாவைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மூட வந்திருக்கீங்க. தெரியும். டீ குடிச்சிட்டு ஆரம்பிங்க."

ஜெரினா பதிவேடுகளைத் திறந்தாள். மருந்துத் தட்டுப்பாடு இல்லை. சிகிச்சையில் குறை இல்லை. மையத்துக்கு ஒழுங்காக வருகிறவர்களின் எண்ணை மட்டும் தனியே எடுத்துச் சராசரி போட்டுப் பார்த்தாள். எழுபத்துநான்கு. மாநிலச் சராசரியைவிட அதிகம். அப்புறம் எப்படி முப்பத்தொன்று? இரண்டாம் முறை பார்த்தபோதுதான் பிடிபட்டது. அறுநூற்று முப்பது பேரில் முந்நூற்று அறுபத்தாறு பேருக்கு எண் பூஜ்யம். வாரா வாரம், வருடக்கணக்காக, பூஜ்யம்.

"டாக்டர், இவங்க யாரு?"

"இங்க வராதவங்க. போன் எடுக்காதவங்க. எடுத்தாலும் பேசாதவங்க."

"மூணு தடவ பதில் வரலைன்னா பட்டியல்லேர்ந்து எடுத்துடணுமே. 'விலகியோர்'னு தனியா ஒரு ஏடு இருக்கு. அங்க மாத்தியிருந்தா உங்க எண் எழுபத்துநாலு. நீங்க கடைசி இல்ல டாக்டர், முதல் நூறுக்குள்ள இருந்திருப்பீங்க."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

அமலோற்பவம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேசறவங்களவிட பேசாதவங்கதானம்மா அதிகமா நோயில இருக்காங்க. அவங்கள எடுத்துட்டு மிச்சத்த எண்ணுனா அது என்ன கணக்கு? இந்த மூணு தடவ விதியை எவன் எழுதுனானோ, அவன் ஒரு நாளாவது ஒரு நோயாளி வீட்டு வாசல்ல நின்னிருப்பானான்னு எனக்குச் சந்தேகம்."

ஜெரினா தலை நிமிரவில்லை. அந்த விதியை எழுதியவள் அவள்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இருபத்துமூன்று வயதில். பதில் இல்லாத அழைப்புகள் கணக்கைக் குழப்புகின்றன என்று மேலதிகாரி சொன்னார். பதில் இல்லையென்றால் பூஜ்யம், மூன்று தடவை பூஜ்யமென்றால் நீக்கு என்று ஒரு மத்தியானத்தில், ஒரே வரியில், அதைத் தீர்த்து வைத்தாள். எல்லோரும் பாராட்டினார்கள்.

"நான்தான் எழுதினேன் டாக்டர்."

மருத்துவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. "நாளைக்குச் செவ்வாக்கிழமை," என்றார். "வேம்பு கூட போயிட்டு வாங்க. அப்புறம் அறிக்கை எழுதலாம்."

வேம்பு அந்த மையத்தின் களப்பணியாளர். முன்பு உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தவள். உப்பு நீரில் நின்று வெடித்த பாதங்கள், வெயிலில் கறுத்த முகம். காலை எட்டரைக்குத் தன் மின்சார வண்டியின் பின்னால் ஜெரினாவை ஏற்றிக்கொண்டாள்.

"மேடம், இன்னிக்கு பக்கிரிசாமி அண்ணன் மொற. நானு, இன்னும் ரெண்டு பேரு, டாக்டரம்மா, எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் போவோம். ஒரு வாரத்துல எல்லாரையும் பாத்துப்புட முடியாது. ஆனா இவுரு வீட்டுக்கு நான் ஒரு செவ்வாக்கெழமயும் தவறுனதில்ல."

"என்ன ஆச்சு அவருக்கு?"

"நாலு வருசத்துக்கு முன்ன கடல் உள்ள வந்துச்சுல்ல, அதுல பொண்டாட்டியும் ரெண்டு பொண்ணும் போயிட்டாங்க. இவுரு பாத்திக்குத் தண்ணி பாய்ச்ச போயிருந்தாரு. அன்னிலேர்ந்து பேச்சு இல்ல. இப்ப தங்கச்சி வூட்டுல இருக்காரு."

உப்பளத்து ஓரத்தில் ஓட்டு வீடு. தங்கை அஞ்சம்மாள் வாசலில் பாய் விரித்தாள். உள்ளே சுவரில் சாய்ந்து பக்கிரிசாமி உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கலாம். இவர்கள் வந்ததை அவர் கண் கவனித்ததாகவே தெரியவில்லை.

"அண்ணே, நான் வேம்பு. சும்மாதான் வந்தேன். பேச வேணாம்." அவருக்கு எதிரே, கை எட்டும் தூரத்தில் உட்கார்ந்து, கைப்பேசியைத் தரையில் வைத்தாள். ஒன்பது மணிக்குச் செவி அழைத்தது.

"வணக்கம். இந்த வாரம் எப்படி இருக்கீங்க?"

பதில் இல்லை. இருபது விநாடியில் அழைப்பு துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும். வேம்பு ஒரு பொத்தானை அழுத்தினாள். 'நோயாளி அருகில் இருக்கிறார்' என்பதற்கான பொத்தான். அதை அழுத்தினால் செவி காத்திருக்கும், கேட்டுக்கொண்டே இருக்கும். அப்படி ஒரு பொத்தான் இருப்பதையே ஜெரினா மறந்திருந்தாள். எந்த மையத்திலும் அதை யாரும் பயன்படுத்துவதில்லை.

வேம்பு ஒன்றும் பேசவில்லை. அவர் முகத்தையும் உற்றுப் பார்க்கவில்லை. வெளியே பாத்திகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஜெரினாவுக்கு முதல் இரண்டு நிமிடம் தாங்க முடியவில்லை. ஏதாவது கேட்க வேண்டும், எழுந்து போக வேண்டும் என்று இருந்தது. அப்புறம் அந்தப் படபடப்பு எப்போது அடங்கியது என்று அவளுக்கே தெரியவில்லை. தூரத்தில் யாரோ உப்பை வாரிக் குவிக்கும் ஓசை மட்டும் சீராக வந்தது.

கால் மணி நேரம் கழித்து வேம்பு எழுந்தாள். "வரேண்ணே. அடுத்த வாரம்."

திரும்பும் வழியில் ஜெரினா கேட்டாள். "இதனால என்னக்கா பலன்? நாலு வருஷமா அவர் எண் பூஜ்யம்தானே?"

"மிஷினுக்குப் பூஜ்யம் மேடம். எனக்கு அப்புடித் தெரியல."

"உங்களுக்கு எப்படித் தெரியுது?"

வேம்பு யோசித்தாள். "சொல்லத் தெரியல. மொத வருசம் அவுரு பக்கத்துல உக்காந்தா எனக்கு நெஞ்சு அடைக்கும். இப்ப அடைக்கல."

அந்தப் பதிலை அறிக்கையில் எழுத முடியாது. ஆனாலும் ஜெரினா உவர்க்குடியின் நாலு வருட ஒலிப்பதிவுகள் முழுவதையும் எடுத்துக்கொண்டு சென்னைக்குத் திரும்பினாள். செவி அவற்றைப் 'பேச்சு இல்லை' என்று ஒதுக்கி வைத்திருந்தது. பேச்சை எடுத்துவிட்டால் அதில் என்ன இருக்கிறது?

மூச்சு இருந்தது. எல்லாப் பதிவிலும் இரண்டு பேருடைய மூச்சு.

செவிக்கு மூச்சைக் கேட்கத் தெரியும். குரலை அளக்கும்போது அதையும் சேர்த்துத்தான் அளக்கிறது. ஆனால் மூச்சை மட்டும் தனியே கேள் என்று யாரும் அதற்குச் சொன்னதில்லை. மூன்றாம் நாள் முற்பகலில் ஜெரினா அதைச் சொன்னாள். பக்கிரிசாமியின் முதல் பதிவைக் கொடுத்தாள். திரையில் இரண்டு கோடுகள் தோன்றின. ஒன்று சீராக ஏறி இறங்கியது, அது வேம்பு. மற்றது வெட்டி வெட்டி, நின்று, திடுக்கிட்டு மறுபடி தொடங்கியது. அந்தப் பதிவு முடியும்வரை இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

பதினேழாவது வாரம். பன்னிரண்டாவது நிமிடத்தில் இரண்டாவது கோடு தயங்கியது. நீண்டது. முதல் கோட்டோடு சேர்ந்து ஒரு முறை ஏறி, ஒரு முறை இறங்கியது. உடனே பிரிந்துவிட்டது.

ஐம்பதாவது வாரம், ஒன்பதாவது நிமிடத்திலேயே சேர்ந்து, ஒரு நிமிடம் நிலைத்தது. நூறாவது வாரம், ஆறு நிமிடம். ஜெரினா உவர்க்குடியில் உட்கார்ந்திருந்த அந்தச் செவ்வாய்க்கிழமையின் பதிவைப் போட்டாள். இரண்டு நிமிடம் கழிந்து சில விநாடிகளில் இரண்டு கோடுகளும் ஒன்றாகிவிட்டன. அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்து, இருப்பது ஒரு கோடுதானோ என்று ஐயம் வரும் அளவுக்கு, கடைசிவரை அப்படியே போயின. கூர்ந்து பார்த்தால் மங்கலாக மூன்றாவதாக ஒரு கோடும் அவற்றோடு சேர்ந்திருந்தது. அது யாருடையது என்று அவளுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது தன் மூச்சை ஒரு முறை இழுத்து விட்டுப் பார்த்தாள்.

ஒரு மனிதர் ஒரு சொல்கூடப் பேசாமல், நாலு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையேறிக்கொண்டிருக்கிறார். உலகத்திலேயே நுட்பமான இயந்திரம் வாரா வாரம் அதைப் பதிவு செய்துவிட்டு, பூஜ்யம் என்று எழுதியிருக்கிறது. எழுதச் சொன்னது அவள்.

அவள் 'விலகியோர்' ஏட்டைத் திறந்தாள். பதினோரு வருடத்தில் முதன்முறையாக. இரண்டு லட்சத்துப் பதினோராயிரம் பெயர்கள் இருந்தன. அவர்களையும் கணக்கில் சேர்த்து மாநிலச் சராசரியைப் போட்டுப் பார்த்தாள். எழுபத்தொன்று, ஐம்பத்திரண்டாக விழுந்தது.

இந்தக் கணக்கையும் மூச்சுப் பதிவுகளின் விவரத்தையும் அவள் எழுதிக் கொடுத்த தாளை இயக்குநர் கோமதிநாயகம் நெடுநேரம் பார்த்தார். பட்டியல் என்ற யோசனையே அவருடையது. மையங்களில் தூசி படிந்த அலமாரியைத் தவிர ஒன்றுமில்லாத காலத்திலிருந்து அவற்றை இந்த நிலைக்கு இழுத்துக்கொண்டு வந்தவர்.

"இத வெளியிட்டா என்ன ஆகும்னு யோசிச்சியாம்மா? இவ்வளவு நாளா பொய் சொன்னோம்பாங்க."

"பொய்தானே சார் சொல்லியிருக்கோம்? தெரியாம சொன்னோம். இப்ப தெரிஞ்சிடுச்சு."

"ஜனங்களுக்கு நம்பிக்கை போயிடும். மையத்துக்கு வர்றவங்களும் வராம போயிடுவாங்க. அதுக்கு யார் பதில் சொல்றது?"

"வராதவங்களே ரெண்டு லட்சம் பேர் சார். அவங்களுக்கு யார் பதில் சொல்றது?"

அவர் தாளை மேசைமேல் வைத்தார். பிறகு, "அந்த மூச்சுப் பதிவப் போடு," என்றார். முதலாவது, பதினேழாவது, ஐம்பதாவது, நூறாவது, கடைசி. ஐந்தையும் பார்த்தார். பார்த்து முடித்ததும் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். திரும்பாமலேயே கேட்டார்.

"ரெண்டு லட்சம் பேர் வீட்டுக்கும் ஆள் அனுப்ப முடியாது. போன்ல இது நடக்குமா?"

"தெரியல சார். ஆனா இயந்திரம் உக்காந்தா நடக்காதுன்னு மட்டும் தெரியும். அந்தப் பக்கம் ஒரு ஆள் மூச்சு விடணும்."

இரண்டு மாதம் ஏற்பாடு நடந்தது. மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள், களப்பணியாளர்கள் என எல்லா மையங்களிலும் சேர்த்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு பேர். முதல் சுற்றுக்கு 'விலகியோர்' ஏட்டிலிருந்து ஆளுக்கு ஒரு பெயர். என்ன பேச வேண்டும் என்று பயிற்சிப் புத்தகம் கேட்டார்கள். ஜெரினா வேம்புவைப் பேசவைத்துப் பதிவு செய்து எல்லா மையங்களுக்கும் அனுப்பினாள்.

"உங்க பேரச் சொல்லுங்க. சும்மாதான் கூப்புட்டேன், பேச வேணாம், கொஞ்ச நேரம் கூட இருக்கேன்னு சொல்லுங்க. அப்புறம் வாயத் தொறக்காதீங்க. ஆறுதல் சொல்லாதீங்க. அவங்க வெச்சுட்டா வெச்சுட்டுப் போறாங்க. அடுத்த வாரம் கூப்புடுங்க. அவ்வளவுதான்."

குறித்த செவ்வாய்க்கிழமை. ஒன்பது மணிக்கு நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு தொலைபேசிகள் ஒரே நேரத்தில் ஒலித்தன. சென்னை அலுவலகத்தின் பெரிய திரையில் ஒவ்வோர் அழைப்பும் ஒரு புள்ளி. எடுத்தால் வெண்மையாகும். மூவாயிரத்துக்குக் கொஞ்சம் மேல் வெளுத்தன. முதல் நிமிடத்தில் ஆயிரம் புள்ளிகள் அணைந்தன. கோமதிநாயகம் கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றார். இரண்டாவது நிமிடத்தில் இன்னும் இருநூறு அணைந்தன. மூன்றாவது நிமிடத்தில் பதினைந்து.

நாலாவது நிமிடத்தில் ஒன்றுகூட அணையவில்லை.

ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் பேர், மலையிலும் கடற்கரையிலும் நகரத்து அடுக்குமாடியிலும், காதில் தொலைபேசியை வைத்துக்கொண்டு, யாரோ ஒருவரோடு பேசாமல் இருந்தார்கள். யாரும் துண்டிக்கவில்லை. அலுவலகத்தில் ஒருவரும் நாற்காலியைக்கூட நகர்த்தவில்லை. ஜெரினா எல்லா இணைப்புகளின் ஒலியையும் ஒன்றாக்கி ஒலிபெருக்கியில் திறந்தாள். மூச்சு. ஒழுங்கில்லாத, மொய்க்கிற, ஆயிரக்கணக்கான மூச்சு. ஆறாவது நிமிடம், ஏழாவது நிமிடம். பன்னிரண்டாவது நிமிடத்தில் திரையின் தெற்கு மூலையில் ஒரு புள்ளி நீலமாயிற்று. இரண்டு கோடுகள் சேர்ந்தால் நீலமாகும்படி அவள் அமைத்திருந்தாள். அப்புறம் மேற்கே ஒன்று. பின்பு அங்கங்கே, இரண்டும் மூன்றுமாக.

"எத்தனை?" என்று கோமதிநாயகம் கேட்டார்.

"நாற்பத்தேழு சார். முதல் வாரம்தானே. பக்கிரிசாமிக்குப் பதினேழு வாரம் ஆச்சு."

மறு வாரம் இயக்குநரே பத்திரிகையாளர்களை அழைத்து, சராசரி ஐம்பத்திரண்டு என்று சொன்னார். இதுநாள்வரை நாங்கள் கேட்காதவர்களை எண்ணவில்லை, இனி எண்ணுவோம் என்றார். சட்டசபையில் கேள்வி எழுந்தது. சில நாள் செய்தித்தாள்கள் காய்ச்சி எடுத்தன. ஆனால் அவர் பயந்ததுபோல் மையங்களில் கூட்டம் குறையவில்லை. உவர்க்குடியை மூடும் உத்தரவு ரத்தானது.

விலகியோரையும், பேசாதவர்களின் மூச்சையும் சேர்த்த புதுக் கணக்கின்படி பட்டியல் தயாராக எட்டு மாதம் பிடித்தது. அது திரையில் விரிந்த காலையில், ஜெரினா முதலிடத்தைப் பார்த்தாள். உவர்க்குடி இல்லை. இரண்டாவது இடத்திலும் இல்லை. விரலால் கீழே தள்ளிக்கொண்டே போனாள். பத்தொன்பதாவது இடத்தில் இருந்தது. எங்கோ தப்பு என்று மறுபடி கூட்டிப் பார்த்தாள். தப்பில்லை.

அவளுக்கு மனது கேட்கவில்லை. எல்லாவற்றையும் தொடங்கி வைத்தவர்கள் அவர்கள். வேம்புவிடம் தானே சொல்வதுதான் முறை என்று கூப்பிட்டாள்.

"அக்கா, பட்டியல் வந்துடுச்சு. நீங்க பத்தொன்பதாவது இடம்."

மறுமுனையில் சத்தமே இல்லை. வருத்தப்படுகிறாள் போலிருக்கிறது என்று ஜெரினா சமாதானம் சொல்ல வாயெடுத்தாள்.

"மேடம்," என்றாள் வேம்பு. "அப்புடின்னா எங்கள விட நல்லா பாக்குறவங்க பதினெட்டு எடத்துல இருக்காங்களா?"

"இருக்காங்க அக்கா."

"பதினெட்டு எடத்துல!" அந்தக் குரலில் வருத்தம் துளியும் இல்லை. திருவிழாவில் முதல் வாணம் வெடித்ததைப் பார்த்தவளைப்போல் பேசினாள். "இஞ்ச நாங்க நாலு பேருதான் இப்புடிப் பைத்தியக்காரத்தனமா அலையிறோம்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். மொத எடம் எந்த ஊரு?"

"மேல்பரவனூர். மலைமேல. போன வருஷம்வரைக்கும் முந்நூத்தி எழுபத்தொண்ணாவது இடத்துல இருந்தாங்க."

"அவங்க என்னா செய்றாங்க?"

ஜெரினா திரையைப் பார்த்தாள். எண்தான் இருந்தது. "தெரியலக்கா. எங்களுக்கு எண் மட்டும்தான் வரும்."

"போயி பாத்துட வேண்டியதுதான். அங்க போவ எந்த பஸ்ஸு மேடம்?"

ஜெரினா தேடினாள். மூன்று பேருந்து மாற வேண்டும், பதினோரு மணி நேரம் ஆகும் என்று சொன்னாள்.

"பரவால்ல," என்றாள் வேம்பு. "புதன்கெழம வெள்ளன கெளம்புறேன். வெறுங்கையோட போவ முடியாது, மலையில நல்ல உப்பு கெடைக்குமோ என்னவோ. ரெண்டு படி அள்ளிட்டுப் போறேன். நீங்க எங்கேர்ந்து ஏறுவீங்க?"